மேனரிங் வேடத்தில் வேறு யார்? பழைய பிரிட்டிஷ் சிட்காம்களுக்கு மாற்று நடிகர் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாற்று நடிகரைக் கற்பனை செய்யும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஜோடியை. பிரிட்டிஷ் சிட்காமின் (தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின்) பெரிய வேடங்கள் பெரும்பாலும் இருவர் சேர்ந்து சுமப்பவை. டாட்ஸ் ஆர்மியின் கேப்டன் மேனரிங்குக்கு சார்ஜன்ட் வில்சன், ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸின் டெல்லுக்குத் தம்பி ரோட்னி, ஃபால்ட்டி டவர்ஸின் ஓட்டல்காரர் பேசிலுக்கு மனைவி சிபில், யெஸ் மினிஸ்டரின் அமைச்சர் ஹேக்கருக்கு அவருடைய செயலாளர் சர் ஹம்ஃப்ரி. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதைப் போல, புது நடிகரின் உயரம், வயது, குரல், பேச்சில் தெரியும் வர்க்கம் ஆகிய நான்கையும் எதிரில் நிற்பவரோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். "அவர் பெரிய நடிகர், எதையும் செய்வார்" என்பது இங்கே எடுபடாது.

நான்கில் நம் கண்ணுக்கு எளிதில் தப்புவது வர்க்கம். ஒருவர் வாயைத் திறந்ததும் நெல்லையா கோவையா என்று நமக்குத் தெரிவதுபோல, ஆங்கிலேயருக்கு முதல் வாக்கியத்திலேயே அவர் எந்த மாதிரிப் பள்ளியில் படித்தவர் என்று தெரிந்துவிடும். இந்தத் தொடர்களின் சிரிப்பில் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது. சப்டைட்டிலை மட்டும் படித்துவிட்டு நடிகரை மாற்றினால் அது கைநழுவிப் போகும்.

டாட்ஸ் ஆர்மியில் மேனரிங் வேடத்துக்கு உண்மையிலேயே வேறு யாரையாவது அழைத்தார்களா?

அழைத்தார்கள். முதலில் தோர்லி வால்டர்ஸ், பிறகு ஜான் பெர்ட்வீ. இருவரும் மறுத்த பிறகே ஆர்தர் லோ வந்தார். ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் எழுதிய இந்தத் தொடர் 1968 முதல் 1977 வரை பிபிசியில் 80 அத்தியாயங்கள் ஓடியது. இரண்டாம் உலகப்போர் காலத்தில், ஒரு கற்பனைக் கடலோர ஊரில், போர்முனைக்குப் போக வயதோ உடல்நிலையோ இடம்தராத ஆட்கள் சேர்ந்து அமைத்த ஊர்க்காவல் படையின் கதை. வங்கி மேலாளர் கேப்டன். அதே வங்கியில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் சார்ஜன்ட். (எழுத்துக்கூட்டிப் படித்தால் "மெயின்வேரிங்" என்று வரும். சொல்வது "மேனரிங்".)

இங்கேதான் அந்தத் தேர்வின் நுட்பம் இருக்கிறது. ராணுவக் கதை என்றால் அதிகாரி மேட்டுக்குடி, சார்ஜன்ட் சாதாரண வீட்டுப் பிள்ளை என்பது பிரிட்டிஷ் வழக்கம். இதில் தலைகீழ். மேனரிங் தானாக முட்டிமோதி மேலே வந்தவர். வில்சன் பெரிய இடத்துப் பள்ளியில் படித்தவர், மென்மையாகப் பேசுபவர், எதற்கும் அவசரப்படாதவர். வில்சனாக வந்த ஜான் லெ மெஸூரியர் நிஜத்திலும் அப்படியொரு பள்ளியில் படித்தவரே. மேனரிங் கத்துவதெல்லாம் எதிரியைப் பார்த்து அல்ல. தன் கீழ் வேலை செய்பவன் பிறப்பிலேயே தனக்கு மேல் என்ற எரிச்சலில்தான்.

இப்போது பெர்ட்வீயை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நெடிய உருவம், வித்தைக்காரரைப் போன்ற மிடுக்கு. 1970இல் டாக்டர் ஹூ என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் நாயகனாக வந்தபோது வெல்வெட் கோட்டில் எவ்வளவு இயல்பாக இருந்தார்! அப்படிப்பட்டவர் பக்கத்தில் லெ மெஸூரியர் நின்றால் இருவரும் ஒரே கிளப் உறுப்பினர்களைப் போலத் தெரிவார்கள். எரிச்சலுக்குக் காரணமே இல்லாமல் போகும். லோ குட்டையானவர், உருண்டையானவர், மார்பை நிமிர்த்தினாலும் எதிரில் இருப்பவரை அண்ணாந்தே பார்க்க வேண்டியவர். பெர்ட்வீதான் வேண்டும் என்றால் வில்சனையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

டேவிட் ஜேசன் கார்ப்பரல் ஜோன்ஸாக நடிக்க இருந்தது உண்மையா? அப்போது அவர் இளைஞர்தானே?

உண்மை. ஜோன்ஸ் வேடத்தை முதலில் ஜாக் ஹெய்க்குக்குக் கொடுத்தார்கள், அவர் ஏற்கவில்லை. ஒரே நாளில் சில மணி நேரம் மட்டும் அந்த வேடம் ஜேசனுடையதாக இருந்தது. அதற்குள் க்ளைவ் டன் சம்மதிக்க, ஜேசன் வெளியே. அப்போது ஜேசனுக்கு வயது 28. டன்னுக்கே 48தான். ஜோன்ஸோ 70 வயதுக் கசாப்புக் கடைக்காரர், 1898இல் சூடானில் போரிட்டதாகச் சொல்லிக்கொள்பவர்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வயதான வேடத்துக்கு இளையவரைப் போடுவது இந்தத் தொடர்களில் திரும்பத் திரும்பப் பலித்திருக்கிறது. ஸ்டெப்டோ அண்ட் சன் 1962இல் தொடங்கியபோது கிழ அப்பாவாக வந்த வில்ஃப்ரிட் பிராம்பெல்லுக்கு ஏறத்தாழ 50; மகனாக வந்த ஹாரி ஹெச். கார்பெட்டைவிட 13 வயதே மூத்தவர். டில் டெத் அஸ் டூ பார்ட் தொடரில், வளர்ந்த பெண்ணுக்கு அப்பாவான ஆல்ஃப் கார்னெட்டாக வாரன் மிட்செல் 1965இல் வந்தபோது 39 வயது. ஜேசனும் பின்னால் போரிட்ஜ் தொடரில் பிளாங்கோ என்ற கிழட்டுக் கைதியாக 30களின் நடுவில் நடித்தார்.

காரணம் எளிது. கிழவர் விழ வேண்டும், கத்தியோடு ஓட வேண்டும், மற்றவர்கள் அட்டென்ஷனில் நின்ற பிறகு அரை நொடி தாமதமாக நிற்க வேண்டும். அந்த அரை நொடியை ஒவ்வொரு முறையும் பிசகாமல் தர உடல் சொன்னபடி கேட்க வேண்டும். அதே படையில் உண்மையான முதியவர்களும் இருந்தார்கள்: காட்ஃப்ரியாக வந்த ஆர்னல்ட் ரிட்லி 1896இல் பிறந்தவர், ஃப்ரேசராக வந்த ஜான் லாரி 1897இல் பிறந்தவர். அவர்களுக்கு ஓட்டமும் சாட்டமும் கொடுக்காமல் வசனத்தைக் கொடுத்தார்கள். முதியவர் ஒருவரை ஜோன்ஸாகக் கற்பனை செய்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கம், வயதானவரை இளைய வேடத்தில் போடுவது, அநேகமாகத் தோற்கும்.

டெல் பாய் வேடத்துக்கு ஜிம் பிராட்பென்ட்டா? எப்படி இருந்திருக்கும்?

ஜான் சல்லிவன் எழுதிய ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ் 1981இல் தொடங்கியது. தெற்கு லண்டனின் பெக்கம் பகுதியில், திருட்டுச் சரக்கும் மூன்று சக்கர வண்டியுமாக அடுத்த வருஷம் கோடீஸ்வரன் ஆகிவிடலாம் என்று நம்பும் இரண்டு சகோதரர்கள். மூத்தவன் டெல் வேடத்துக்கு என் ரைட்டல், ஜிம் பிராட்பென்ட் ஆகியோர் பரிசீலனையில் இருந்தார்கள். இருவருக்கும் அப்போது வேறு வேலை. தம்பி ரோட்னியாக நிக்கலஸ் லிண்ட்ஹர்ஸ்ட் அதற்கு முன்பே முடிவாகியிருந்தார். ஓப்பன் ஆல் அவர்ஸ் தொடரின் மறுஒளிபரப்பைப் பார்த்த தயாரிப்பாளர் ரே பட், டேவிட் ஜேசனை நினைத்தார்.

பிராட்பென்ட்டின் டெல் எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்க ஒரு சாட்சியே இருக்கிறது. 1983இல் அதே தொடரில் ராய் ஸ்லேட்டர் என்ற கெட்ட போலீஸ்காரராக அவர் வந்தார். சிரித்துக்கொண்டே மிரட்டும் ஆள். பார்க்கையில் வயிற்றைக் கலக்கும். டெல்லின் ஏமாற்று வேலைகளை அந்த முகத்தோடு பார்த்தால் பார்வையாளர் பர்ஸைப் பிடித்துக்கொள்வார். ஜேசனிடம் ஏமாந்தாலும் கோபம் வருவதில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு உருவத்தில். குள்ளமான அண்ணன், கொக்கு மாதிரி வளர்ந்த தம்பி. பார்த்தவுடனே இந்த இருவருக்கும் ஒரே அப்பாவா என்ற சந்தேகம் எழும். அந்தச் சந்தேகத்தையே சல்லிவன் பின்னால் கதையாக்கினார். பிராட்பென்ட்டும் உயரம், லிண்ட்ஹர்ஸ்ட்டும் உயரம் என்றால் அந்தக் கதை எழுதப்பட்டிருக்குமா?

ஒரு நடிகர் பொருந்துவாரா என்று சோதிக்க ஏதாவது வழி?

இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர் தொடங்கிய ஆண்டில் அந்த நடிகருக்கு என்ன வயது, அப்போது உயிரோடு இருந்தாரா, வேறு தொடரில் இருந்தாரா? 1980இன் சர் ஹம்ஃப்ரிக்கு ஆர்தர் லோவைச் சொல்லலாம். ஆனால் லோ 1982இல் காலமானார். அந்தக் கதை 1988 வரை ஓடியது.

அடுத்து எதிர் வேடத்தை மாற்றாமல் இருவரையும் ஒரு கதவருகே நிறுத்திப் பாருங்கள். யார் முதலில் உள்ளே போவார்? பதில் உடனே தெரிந்தால் ஜோடி உயிரோடு இருக்கிறது.

மூன்றாவது, வேடத்தின் கடினமான ஒரே ஒரு நொடியை எடுத்துக்கொண்டு அதில் மட்டும் அவரைப் போட்டுப் பாருங்கள். முழு அத்தியாயத்தையும் கற்பனை செய்தால் மனம் பழைய நடிகரையே திருப்பிக் காட்டும். பயன்படுத்தத் தக்க மூன்று சோதனைகள்:

மேனரிங்குக்கு, 1973இல் ஒளிபரப்பான தி டெட்லி அட்டாச்மென்ட் அத்தியாயம். சிறைப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டன் தன்னை அவமதிப்போரின் பெயர்களைக் குறித்துக்கொள்கிறான், போர் முடிந்ததும் பழிவாங்க. கேலிப்பாட்டுப் பாடிய சின்னப் பையனைப் பார்த்து உன் பெயர் என்ன என்கிறான். மேனரிங் பதறிப்போய், "அவனிடம் சொல்லாதே, பைக்!" என்கிறார். பெயர் வெளியே வந்துவிட்டது. லோ இதைச் சொல்லும் வேகத்தைக் கவனியுங்கள்: காப்பாற்றும் அவசரம் மட்டுமே இருக்கிறது, சிரிப்பு வரப்போவது அவருக்குத் தெரிந்த அடையாளம் முகத்தில் துளியும் இல்லை. உங்கள் நடிகர் "பைக்" என்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விடுவார் என்று தோன்றினால் அவரை நீக்கிவிடுங்கள்.

டெல்லுக்கு, 1989 ஜனவரியில் வந்த யப்பி லவ் அத்தியாயம். மதுக்கடையில் நின்று பேசிக்கொண்டே பக்கவாட்டில் சாய்கிறார். அதற்குள் கடைக்காரர் கவுண்டரின் பலகையைத் தூக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஜேசன் கையை ஊன்றவில்லை, கீழே பார்க்கவில்லை, வெட்டிய மரம்போல அப்படியே சாய்ந்து மறைகிறார். பெரும்பாலான நடிகர்கள் விழும் முன் தோளைச் சுருக்குவார்கள். உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் பழக்கம் அது. அந்தச் சுருக்கம் தெரிந்தால் சிரிப்பு பாதியாகும். அதேபோல் டிரிகராக நின்ற ரோஜர் லாய்ட் பேக் திரும்பிப் பார்த்துக் குழம்பும் முகம் இல்லாமல் அந்த விழுதல் நிறைவடையாது. இதுவும் ஜோடி வேலைதான்.

ஹம்ஃப்ரிக்கு, அவருடைய நீண்ட வாக்கியங்களில் ஏதாவது ஒன்று. அதை ஒரே மூச்சில், ஆனால் ஒவ்வொரு துணைவாக்கியமும் காதில் தனித்தனியாக விழும்படி சொல்ல வேண்டும். நைஜல் ஹாதோர்ன் வேகத்தைக் கூட்டுவாரே தவிரக் குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தினால் அது கோபமாகிவிடும். ஹம்ஃப்ரியின் பேச்சு கோபமல்ல, திரை போடுவது.

யெஸ் மினிஸ்டரில் இருவரையும் அப்படியே இடம் மாற்றினால்?

அடிக்கடி வரும் கேள்வி. பால் எடிங்டன் ஹம்ஃப்ரி, ஹாதோர்ன் ஹேக்கர். திறமையைப் பார்த்தால் இருவராலும் முடியும். ஆனால் எடிங்டனின் முகத்தில் ஒரு தனிச்சொத்து இருந்தது: வீரவசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே தேர்தல், பத்திரிகை, பிரதமர் என்ற பயம் கண்ணுக்குள் ஓடுவது தெரியும். ஹாதோர்னின் முகம் மூடிய கோப்பு. கோப்பை மூடி வைத்திருப்பவர் அதிகாரி, அதைத் திறக்கத் தெரியாமல் தவிப்பவர் அமைச்சர். மாற்றினால் நல்ல நாடகம் கிடைக்கும், வேகமான நகைச்சுவை கிடைக்காது.

வர்க்கம் இங்கும் உண்டு. ஹம்ஃப்ரி ஆக்ஸ்ஃபோர்டு, ஹேக்கர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். அந்தப் பெயரை ஹம்ஃப்ரி உச்சரிக்கும் விதத்திலேயே ஏளனம் இருக்கும். 2013இல் டேவிட் ஹெய்க் ஹேக்கராகவும் ஹென்றி குட்மன் ஹம்ஃப்ரியாகவும் வந்த புதுப் பதிப்பில் ஹெய்க்கின் பதற்றம் எடிங்டனைவிடப் பல மடங்கு. முதல் காட்சியிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டால் பிறகு ஏறுவதற்குப் படி இருக்காது.

வேறு மண்ணுக்குப் போன பதிப்புகளில் 2001இல் ஸ்டார் பிளஸ்ஸில் வந்த ஜீ மந்திரிஜி பார்க்கத் தகுந்தது. அமைச்சராக ஃபாரூக் ஷேக், செயலாளராக ஜெயந்த் கிருபளானி. ஃபாரூக் ஷேக்கின் சாந்தமான, கொஞ்சம் சோம்பலான இனிமை ஹேக்கரைப் பயந்தவராகக் காட்டாமல் எளிதில் இணங்கிப்போகிறவராகக் காட்டியது. எடிங்டனைப் போல நடிக்க அவர் முயலாததே அதன் பலம்.

பேசில் ஃபால்ட்டியாக ஜான் கிளீஸைத் தவிர வேறொருவரை நினைக்கவே முடியவில்லையே?

பேசிலைவிட முதலில் சிபிலைப் பற்றிப் பேச வேண்டும். 1975இல் அந்த வேடம் முதலில் பிரிட்ஜெட் டர்னருக்குத்தான் போனது. அவர் வேண்டாம் என்றார். பிறகே ப்ரூனெல்லா ஸ்கேல்ஸ். ஸ்கேல்ஸ் சிபிலைப் பேசிலைவிட ஒரு படி கீழான வர்க்கத்தில் பிறந்தவளாக, ஓட்டல் தொழில் தெரிந்த குடும்பத்துப் பெண்ணாக வைத்துக்கொண்டார். அதனால்தான் அவளுக்கு அந்த ஓட்டலை நடத்தத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அவன் தன்னைக் கனவானாக நினைத்துக்கொண்டு வாடிக்கையாளரை விரட்டுகிறான். அவள் போனில் தோழியிடம் பேசிக்கொண்டே ஓட்டலைக் காப்பாற்றுகிறாள். இருவரும் ஒரே வர்க்கம் என்று வைத்தால் அது வெறும் கணவன் மனைவி சண்டை.

டர்னரைப் பற்றி ஒரு சுவையான செய்தி: 1974இல் லண்டனில் நடந்த தி நார்மன் காங்க்வெஸ்ட்ஸ் நாடகத்தில் அவரோடு நடித்தவர்கள் ஃபெலிசிட்டி கெண்டலும் பெனலோபி கீத்தும். அடுத்த ஆண்டு அந்த இருவரும் தி குட் லைஃப் தொடரின் அண்டை வீட்டுப் பெண்கள் ஆனார்கள். ஒரே மேடையிலிருந்து இரண்டு சிட்காம்களுக்கு நாயகிகள் கிடைத்திருக்கக்கூடும்.

பேசிலுக்கு வருவோம். இதைச் செய்து பார்க்கத் தகுந்த ஒரே பெயர் லெனர்ட் ராஸிட்டர். அப்போது அவர் ஐடிவி அலைவரிசையில் ரைசிங் டாம்ப் தொடரின் கஞ்ச வீட்டுக்காரர் ரிக்ஸ்பி. வேகத்தில் கிளீஸுக்குக் குறைந்தவர் அல்ல. ஃபால்ட்டி டவர்ஸின் ஸ்கிரிப்ட் வழக்கமான அரை மணித் தொடரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீளம். அந்த வேகத்தைத் தாங்கும் நடிகர்கள் மிகச் சிலர். ராஸிட்டர் தாங்குவார். மாறுவது உடல். கிளீஸ் ஏறத்தாழ 196 சென்டிமீட்டர். பழுதான காரை மரக்கிளையால் அடிக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில் இத்தனை பெரிய உடலுக்குள் இத்தனை சின்னக் கோபம் என்பதே சிரிப்பு. ராஸிட்டரின் கோபம் உடலுக்குள் சுருண்டுகொள்ளும், கண்ணிலும் உதட்டிலும் வேலை செய்யும். அவர் காரை அடிக்க மாட்டார், காரிடம் வாதாடுவார். ஆக, அவர் வந்தால் காட்சிகளையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

அமெரிக்கர்கள் இதை மூன்று முறை முயன்றார்கள்: 1978இல் ஹார்வி கோர்மன், 1983இல் பீ ஆர்தர், 1999இல் ஜான் லாரகெட். மூன்றும் நிலைக்கவில்லை. பீ ஆர்தர் நடித்த அமாண்டாஸ் தொடரில் ஓட்டல்காரி விதவை. பேசிலின் எரிச்சலையும் சிபிலின் அதிகாரத்தையும் ஒருவரிடமே கொடுத்துவிட்டு, எதிரில் யாரையும் நிறுத்தவில்லை. எவ்வளவு நல்ல நடிகை! ஆனாலும் சுவரில் பந்தை அடிப்பது போலத்தான் இருந்தது.

நகைச்சுவைக் கலைஞர்களைத் தேர்வதா, நாடக நடிகர்களைத் தேர்வதா?

நாடக நடிகர்களை. எழுத்தாளர்கள் கால்டனும் சிம்ப்சனும் ஸ்டெப்டோவில் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். நகைச்சுவைக் கலைஞர் சிரிப்பு வராத இடத்தில் பதறுவார், நிரப்பப் பார்ப்பார். நாடக நடிகர் அந்த மௌனத்தில் நிற்பார். அதில் கார்பெட் நடித்த பழைய பொருள் வியாபாரி ஹெரால்டு வீட்டைவிட்டுப் போகக் கிளம்பி, வண்டியை இழுக்க முடியாமல் உடைந்துபோகும் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். ஸ்டூடியோவில் ஆட்கள் உட்கார்ந்திருந்தும் கார்பெட் அவர்களுக்காக எதையும் செய்யவில்லை.

விதிவிலக்கு ரோனி பார்க்கர். ஆனால் அவரும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்தான். தி ஃபால் அண்ட் ரைஸ் ஆஃப் ரெஜினல்ட் பெரின் தொடரின் பெரின் வேடத்துக்கு எழுத்தாளர் டேவிட் நாப்ஸ் முதலில் நினைத்தது அவரையே. வந்தது ராஸிட்டர். பார்க்கரின் பெரின் இன்னும் அன்பானவராக இருந்திருப்பார், ஆனால் கடற்கரையில் துணிகளை விட்டுவிட்டுச் செத்ததுபோல் ஓடிப்போகும் ஆளாக நம்பக் கடினம். பார்க்கரிடம் எப்போதும் ஒரு வயிறு நிறைந்த நிம்மதி உண்டு. போரிட்ஜின் கைதி ஃப்ளெச்சருக்கு அதுதான் பொருத்தம்.

ஒளிபரப்பின் நடுவிலேயே நடிகரை மாற்றிய தொடர்களிலிருந்து என்ன கற்கலாம்?

நிறைய. கற்பனைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

நடிகர் இறந்துபோனால் அதே பாத்திரத்தில் இன்னொருவரைப் போடாதவர்களே பிழைத்தார்கள். டாட்ஸ் ஆர்மியில் கள்ளச்சந்தைக்காரன் வாக்கராக வந்த ஜேம்ஸ் பெக் 1973இல் 44 வயதில் காலமானார். அணிவகுப்பில் அவர் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, ஒரு துண்டுச் சீட்டோடு விடைகொடுத்தார்கள். ஒன்லி ஃபூல்ஸில் தாத்தாவாக வந்த லெனர்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில் இறந்தார். அவருக்குச் சவ அடக்கக் காட்சியே எழுதினார் சல்லிவன்; அதே அத்தியாயத்தில் தாத்தாவின் தம்பி ஆல்பர்ட்டாக பஸ்டர் மெரிஃபீல்ட் உள்ளே வந்தார். நாற்காலி அதேதான், உட்காருபவர் வேறு ஆள்: சோம்பேறிக் கிழவருக்குப் பதில் ஓயாமல் கடற்படைக் கதை சொல்லும் கிழவர். டெல்லுக்கும் ரோட்னிக்கும் எரிச்சலூட்ட ஒரு முதியவர் வேண்டும் என்ற தேவை மட்டும் மாறவில்லை.

லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன் இந்த முறையை 37 ஆண்டுகள் நடத்திக்காட்டியது. மூன்று கிழவர்களில் தலைமை தாங்கும் மூன்றாவது ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்: மைக்கேல் பேட்ஸ், பிரையன் வைல்ட், மைக்கேல் ஆல்ட்ரிட்ஜ், மறுபடி வைல்ட், பிறகு ஃப்ராங்க் தார்ன்டன். ஒவ்வொருவருக்கும் புதுப் பெயர், புது வாழ்க்கை.

ஜெர்மனி ஆக்கிரமித்த பிரான்சில் நடக்கும் அலோ அலோவில் வேறு வழி. மாறுவேட மன்னர் லெக்லெர்க்காக வந்தவர் ஜாக் ஹெய்க், 1968இல் ஜோன்ஸை ஏற்காத அதே ஹெய்க். 1989இல் அவர் இறந்ததும் அண்ணன் தம்பி என்று சொல்லி டெரெக் ராயிலைக் கொண்டுவந்தார்கள். அவரும் சில மாதங்களில் காலமாக, ராபின் பார்க்கின்சன் வந்தார். கடைசி சீசனில் கெஸ்டபோ அதிகாரி ஃபிளிக் முகமாற்று அறுவை செய்துகொண்டதாகச் சொல்லி ரிச்சர்ட் கிப்சனுக்குப் பதில் டேவிட் ஜான்சன் நடித்தார். (இவரையும் டேவிட் ஜேசனையும் குழப்பிக்கொள்வது வழக்கமான பிழை. இருவரும் வேறு வேறு.)

உயிரோடு விலகியவர்களில் மென் பிஹேவிங் பேட்லி நல்ல உதாரணம். 1992இன் முதல் சீசனில் ஹாரி என்ஃபீல்ட் என்ற நட்சத்திரம். அவர் போய் நீல் மாரிசி வந்த பிறகே தொடர் ஓடத் தொடங்கியது. நட்சத்திரத்தின் பக்கத்தில் மற்றவர் சிறுத்துப்போவார். சம எடையுள்ள இருவர் என்றால் தராசு ஆடும்.

இன்றைய நடிகர்களைப் பழைய வேடங்களில் போடலாமா?

போட்டிருக்கிறார்கள். 2016இன் டாட்ஸ் ஆர்மி திரைப்படத்தில் டோபி ஜோன்ஸ் மேனரிங், பில் நை வில்சன். காகிதத்தில் அருமையான தேர்வு. ஆனால் படத்தில் எல்லோரும் தேர்ந்த நட்சத்திரங்கள். பின்வரிசையில் சும்மா நின்று சிரிப்பூட்ட ஆளில்லை. மாற்று நடிகர் பட்டியல் போடுகிறவர்கள் எல்லா வேடத்துக்கும் பெரிய பெயராக எழுதும்போது நடப்பதும் இதுதான். ஏழு பேர் வரிசையில் இருந்தால் குறைந்தது மூவர் முகம் தெரியாதவர்களாக இருக்கட்டும்.

2019இல் வந்த முயற்சி இதைவிட மேல். பிபிசி அழித்துவிட்ட ஒளிநாடாக்களோடு தொலைந்துபோன மூன்று 1969 அத்தியாயங்களை அதே ஸ்கிரிப்டில் புதிதாக எடுத்தார்கள். கெவின் மெக்நேலி மேனரிங், ராபர்ட் பாதர்ஸ்ட் வில்சன், காட்ஃப்ரியாக டிமோதி வெஸ்ட் (ப்ரூனெல்லா ஸ்கேல்ஸின் கணவர்). மெக்நேலியும் பாதர்ஸ்டும் பழையவர்களின் சாயலை வைத்துக்கொண்டார்கள், குரலை நகலெடுக்கவில்லை. நகல் என்றால் பார்வையாளர் ஒவ்வொரு வசனத்தையும் அசலோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார். சிரிக்க நேரம் இருக்காது.

கறுப்பு மை பூசி நடித்த வேடங்களை என்ன செய்வது?

அவற்றைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம் (1974–81) போர்க்கால இந்தியாவில் நடக்கும் கதை. அதில் ரங்கி ராம் என்ற ஊழியராக வந்தவர் மைக்கேல் பேட்ஸ். ஜான்சியில் பிறந்த ஆங்கிலேயர், இந்துஸ்தானி தெரிந்தவர். என்றாலும் முகத்தில் பூச்சுதான். அதே தொடரில் டாக்காவில் பிறந்த டினோ ஷஃபீக் டீ விற்பவராக உண்மையான முகத்தோடு நிற்கும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அந்த ஆண்டில் லண்டனில் இருந்தவர்களில் சயீத் ஜாஃப்ரியைப் போட்டுப் பாருங்கள். வயது 45, குரலில் அபாரக் கட்டுப்பாடு. ரங்கி ராம் வாய்க்கு வாய் "நாம் பிரிட்டிஷ்காரர்கள்" என்பார். பூச்சு பூசிய ஆங்கிலேயர் சொன்னால் அது ஊழியரைப் பார்த்துச் சிரிப்பது. ஜாஃப்ரி ஒரு புருவத்தை உயர்த்திச் சொன்னால் கேலி சாம்ராஜ்யத்தின் பக்கம் திரும்பும். வசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பொருள் முழுதாக மாறிவிட்டது.

வேறு தேர்வு வேண்டுமானால் இலங்கையின் கம்பளையில் பிறந்த ஆல்பர்ட் மோசஸ் இருக்கிறார். மைண்ட் யுவர் லாங்குவேஜ் தொடரில் ரஞ்சித் சிங்காக வந்தவர். அவரும் ஷஃபீக்கும் அந்த வகுப்பறையில் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் டைமிங் நன்றாகவே இருக்கும். ஆனால் அவர் அப்போது 30களில் இருந்தார், ரங்கி ராமுக்குச் சற்று இளையவர். மேலே சொன்ன கணக்குப்படி அது குறையல்ல.

நடிகரை மாற்றாமல் வேடத்தை மாற்றியிருக்கிறார்களா?

பிளாக்ஆடர் என்ற சரித்திர நகைச்சுவைத் தொடரில். 1983இன் முதல் சீசனில் ரோவன் அட்கின்சனின் எட்மண்ட் அசடு, அவருடைய வேலைக்காரனாக வரும் டோனி ராபின்சனின் பால்ட்ரிக் புத்திசாலி. 1986இல் பென் எல்டன் எழுத்தில் சேர்ந்த இரண்டாவது சீசனில் எட்மண்ட் கூர்மையானவர், பால்ட்ரிக் மண்டு. அதே இரண்டு முகங்கள், மூளை மட்டும் கைமாறியது. அன்றிலிருந்துதான் தொடர் உச்சம் தொட்டது. ஒளிபரப்பாமல் வைத்திருந்த 1982 முன்னோட்ட அத்தியாயத்தில் பால்ட்ரிக்காக பிலிப் ஃபாக்ஸ் இருந்தார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மாற்று நடிகரைத் தேடி அலையும் முன் இருக்கிற இருவரின் பலத்தை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

முதன்முதலாகச் செய்து பார்க்க ஒரு நல்ல மாற்றம் சொல்லுங்கள்.

ஜான் லெ மெஸூரியரை சர் ஹம்ஃப்ரியாக எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் அவருக்கு 68 வயது, அதனால் ஓய்வை நெருங்கும் செயலாளர் என்று கதையைச் சற்றே நகர்த்த வேண்டும். எடிங்டன் அப்படியே இருக்கட்டும். நீண்ட வாக்கியங்களை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் அவர் வில்சனாகச் சொல்லும் அந்த மென்மையான கேள்வியை வையுங்கள்: இது புத்திசாலித்தனம்தான் என்று நினைக்கிறீர்களா, சார்? அமைச்சர் தன் திட்டத்தைத் தானே கைவிடும்வரை அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு காட்சி, இரண்டு பக்கம், ஏழு வசனத்துக்கு மேல் அவருக்குக் கொடுக்காமல் எழுதிப் பாருங்கள்.